பண்டித ரமாபாய்: இறைவனைத் தேடிய ஒரு வாழ்வு

சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையை நம் சங்கத்துக் குடும்பங்களில் அறியாதார் இலர். கோடை விடுமுறைதோறும் ஊருக்குச் சென்று மீளும் பாதை அது. அப்பாதையில் திருப்பதிக்கு அண்மையில் ரேணிகுண்டா இருக்கிறது. கிருட்டிணை ஆற்றைக் கடக்குமுன் ராய்ச்சூர் வருகிறது. தௌண்டு நிலையத்தைத் தாண்டிப் புனேயை நெருங்கும்போது கேட்காவ் என்னும் சிற்றூர் வருகிறது. நெடுந்தொலைவு வண்டிகள் பல அங்கு நில்லாமலே கடந்து விடுவதால், நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கருதியிருக்க மாட்டோம். ஆயினும் இம்மூன்று இடங்களும் ஒரு பெண்மணியின் வாழ்வோடு பிணைந்தவை. திருப்பதியை அடுத்த பகுதியில் அவர் தம் தந்தையை இழந்தார். ராய்ச்சூரில் தாயை இழந்தார். கேட்காவிலோ தாய் தந்தையற்ற நூற்றுக்கணக்கான சிறுமியருக்குத் தாமே தாயானார். அவரே பண்டித ரமாபாய் அம்மையார்.

ஆண்டு விழா மலரில் அவரைப் பற்றி எழுத நாம் முற்பட்டதற்கு, அவர் வாழ்ந்த மராட்டிய மண்ணில் நாமும் குடியிருக்கிறோம் என்பது மட்டும் காரணமன்று. பிறந்த ஊரையும், முன்னோர் வழிபட்ட கோயிலையும் தொலைவில் விட்டு வந்தவர்கள் நாம். நம் மக்களுக்கு இறைப்பற்றை எவ்வாறு கொடுத்துச் செல்வது என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. அக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்தவர் இவ்வம்மையார். பல சமயத்தாரும் சுவரோடு சுவராக வாழும் நம் காலனியில், இவருடைய வரலாற்றை ஒருவர் மதம் மாறிய கதையாக மட்டும் படித்தல் பொருந்தாது. இறைவனைப் பற்றி அறிதல் வேறு, இறைவனையே அறிதல் வேறு என்பதை வாழ்ந்து கண்ட ஒருவரின் வரலாறாகவே அதை நாம் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

கானகத்தில் பிறந்த கல்வி

ரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே வடமொழியில் பெரும் புலமை வாய்ந்தவர். இளமையில் பூனாவில் பயின்றபோது, பேஷ்வா அரண்மனையில் தேவியார் ஒருவர் வடமொழி கற்பதை அறிந்து வியந்தார். பெண்ணுக்கும் இக்கல்வி கைகூடும் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பின்னர் இளம்பெண்ணாகத் தம் இல்லம் புகுந்த மனைவி லட்சுமிபாய்க்கு அவர் வடமொழி கற்பிக்கத் தொடங்கினார். ஊராரும் உறவினரும் இதனைப் பொறுத்திலர். சாஸ்திரியார் தம் கொள்கையைச் சான்றோர் அவையில் நிலைநாட்ட வேண்டியதாயிற்று. ஈற்றில் அவர் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னுமிடத்துக் காட்டினுள் குடில் அமைத்து, மாணாக்கர்க்குக் கல்வி புகட்டி வாழலானார். அங்கே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ரமாபாய் பிறந்தார்.

நாடி வந்தோர்க்கெல்லாம் உணவளித்து, இருந்த பொருள் கரைந்ததும், குடும்பம் யாத்திரை புறப்பட்டது. ஆறுமாதக் குழந்தையாகவே ரமாபாய் மூங்கிற் கூடையில் வைத்து மலையினின்றும் இறக்கப்பட்டார். அன்று தொடங்கிய பயணம் இருபது ஆண்டுகள் நிற்கவில்லை. கோயில் மண்டபங்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் படித்து, கேட்போர் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டு அக்குடும்பம் வாழ்ந்தது. பள்ளிக்கூட வாயிலைக் காணாத ரமாபாய்க்குத் தாயே ஆசிரியை. வைகறையில் மகளை எழுப்பி, மடியில் இருத்திச் சுலோகங்களை ஓதுவிப்பாராம் அன்னையார். இவ்வாறு பதினைந்து வயதிற்குள் பாகவதத்தின் 18,000 சுலோகங்கள் அச்சிறுமிக்கு மனப்பாடமாயின. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடமும் இல்லாத அக்குழந்தைக்குப் பெற்றோர் தந்த ஒரே சொத்து இக்கல்விதான்.

தந்தையின் ஒப்படைப்பு

1870-களின் நடுவே சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைகாட்டிற்று. புராணம் கேட்பாரும் இலர். கேட்டாலும் கொடுப்பாரும் இலர். கூலிவேலை செய்யக் குலப்பெருமை இடந்தரவில்லை. இரந்து உண்ணவோ நாணம் தடுத்தது. இருந்த வெள்ளிப் பாத்திரங்களையும், பின்பு செம்புப் பாத்திரங்களையும் விற்று உண்டனர். விற்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில், எஞ்சிய நம்பிக்கையையெல்லாம் வழிபாட்டில் வைத்து நோன்புகளைப் பெருக்கினர். ஒன்றும் நிகழவில்லை. திருப்பதியை அடுத்த காட்டினுள் பதினொரு நாள் நீரும் இலையும் ஒருபிடி காட்டு ஈச்சம்பழமுமே உணவாகக் கிடந்தனர். முதுமையால் கண்ணொளி இழந்திருந்த சாஸ்திரியார், நீரில் இறங்கி உயிர் நீப்பது என்று முடிவு செய்து, மக்களிடம் விடைபெறலானார்.

கடைக்குட்டியாகிய ரமாபாயை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார். மகள் முகத்தைக் காண அவர் கண்களால் இயலவில்லை. நேர்மையான வாழ்வு வாழவேண்டும் என்றும், மகளை இறைவன் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும், அவள் இனி அவனுக்கே உரியவள் என்றும், அவனுக்கே வாழ்நாளெல்லாம் தொண்டு செய்யவேண்டும் என்றும் அவர் கூறினார். மூத்த மகன் சீனிவாசன் தான் குலப்பெருமையை விட்டுக் கூலிவேலை செய்தேனும் பெற்றோரைக் காப்பதாகச் சொல்லி அம்முடிவைத் தடுத்தான். ஆயினும் சில நாட்களிலேயே தந்தையின் ஆவி பிரிந்தது.

சில வாரங்களில் ராய்ச்சூரில் தாயாரும் நோயுற்றார். அண்டை வீட்டில் நாணத்தோடு கைநீட்டி ஒரு துண்டு கம்பு ரொட்டி வாங்கி வந்தார் ரமாபாய். அதை உண்ணும் வலிமையும் அன்னைக்கு இல்லை. அவர் மறைந்தபோது பாடை தூக்க உறவினர் எவரும் இலர். இரக்கமுற்ற இருவர் உதவ, மகனும் மகளுமே மற்ற இரு முனைகளையும் தாங்கி நெடுந்தொலைவு நடந்தனர். உயரம் குறைந்த ரமாபாய் தம் பங்கைத் தலைமேல் சுமந்தார். மூத்த தமக்கையும் பின்னர் மறைந்தார்.

தந்தை ஒப்படைத்த இறைவன் எங்கே இருக்கின்றான்? அண்ணனும் தங்கையும் அதன்பின் கால்நடையாகவே வடபுலம் நோக்கித் திரிந்தனர். வழிபாடுகளை விடவில்லை, ஆயினும் நம்பிக்கை நாளுக்கு நாள் தேய்ந்தது. பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில், போர்த்தத் துணியின்றி, மணலில் குழி தோண்டித் தம்மைத் தாமே மூடிக்கொண்டு குளிரிரவுகளைக் கழித்தனர். பதினாயிரக் கணக்கில் சுலோகங்களை அறிந்த ஒருவர், அவை போற்றும் பரம்பொருளைப் பற்றி ஐயுற்றவராய்ச் சவக்குழி போன்ற மணற்குழியில் கிடந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலறிவு மட்டும் அந்த இரவில் அவருக்குப் போர்வையாகவில்லை.

பட்டமும் பிரிவும்

1878-இல் இருவரும் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் ஒருத்தி வடமொழியில் தங்குதடையின்றி உரையாற்றுவதைக் கேட்ட அந்நகரத்துப் பண்டிதர்கள் வியப்பில் ஆழ்ந்தனர். அவரைப் பலவாறு சோதித்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் சூட்டினர். நேற்றுவரை ஒருவாய் உணவுக்கு நாணிக் கைநீட்டியவருக்கு இன்று மாலைகளும் பாராட்டுகளும் குவிந்தன.

இதுவே அவர் எதிர்கொண்ட முதற் பெருஞ்சோதனை என்போம். பசியில் இறைவனை மறத்தல் ஒருவகை. புகழில் இறைவனைத் தேடாமலே இருந்துவிடுதல் மற்றொரு வகை. பின்னதே மிகவும் கொடியது. ஏனெனில் தேடவேண்டிய குறை ஒன்றிருப்பதே அப்போது தெரிவதில்லை. பட்டங்களோடு அவர் அமைதியுற்றிருக்கலாம். ஆனால் பெண்டிர்க்கு அறவுரை நிகழ்த்தும் பொருட்டு அறநூல்களை ஆழ்ந்து கற்கத் தொடங்கியபோது, தம்மைப் போன்ற பெண்களுக்கும் கடைநிலையில் வைக்கப்பட்ட மக்களுக்கும் வீடுபேற்றின் வாயில் அடைக்கப்பட்டிருப்பதாக அவர் கண்டார். நூல்களுக்கு வேறு பொருள் உரைப்போரும் உளர். எனினும் அவர் கற்ற வகையில் அதுவே அவருக்குத் தோன்றிற்று; அதை மறைத்துப் பேச அவர் நா எழவில்லை.

1880-இல் அண்ணன் சீனிவாசன் மறைந்தான். அதே ஆண்டில் ரமாபாய், வங்காளத்து வழக்கறிஞர் விபின் பிகாரி மேதாவி என்பாரைச் சாதிக் கட்டுகளைக் கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அசாமைச் சேர்ந்த சில்சாரில் இல்வாழ்க்கை தொடங்கிற்று. 1881-இல் மனோரமா என்னும் மகள் பிறந்தாள். அங்குள்ள தம் வீட்டு நூல்களிடையே வங்கமொழியில் அச்சிட்ட லூக்கா நற்செய்தி நூல் ஒன்று ரமாபாயின் கைக்குக் கிட்டிற்று. அதனை ஆர்வத்தோடு படித்தார். கணவர் அதனை விரும்பவில்லை. 1882-இல் வாந்திபேதி நோய் கணவரைக் கொண்டுபோயிற்று. இருபத்துமூன்று வயதில், கைக்குழந்தையோடு, கைம்பெண்ணாய் நின்றார் ரமாபாய்.

பூனாவும் இங்கிலாந்தும்

அவ்வாண்டே பூனாவுக்கு வந்தார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே போன்ற சீர்திருத்தத் தலைவர்கள் அவரை வரவேற்றனர். ஆரிய மகளிர் சமாஜத்தை அவர் தொடங்கினார். கல்வியை ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் தோன்றிப் பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று எடுத்துரைத்தார். தாமே மருத்துவம் பயில வேண்டும் என்னும் அவாவோடு 1883-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நூலெழுதி ஈட்டிய பொருளே அப்பயணத்துக்கு உதவிற்று. காது மந்தமடைந்து வந்தமையால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை.

வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னியர் மடம் ஒன்றில் தங்கியிருந்தபோது, இலண்டனில் அம்மடத்தார் நடத்திய காப்பகம் ஒன்றை அவர் கண்டார். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட பெண்களை அங்கே கன்னியர் உடன்பிறந்தார்போல் பேணினர். வழுவிய பெண்ணுக்கு மீட்சியே இல்லை என்று கேட்டு வளர்ந்தவருக்கு இக்காட்சி பெருவியப்பு அளித்தது. இதற்கு எது தூண்டுகோல் என்று அவர் வினவியபோது, கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணோடு இயேசு பெருமான் உரையாடிய வரலாற்றை அவர்கள் படித்துக் காட்டினர். எவரும் நீர் வாங்கியும் குடியாத குலத்தவள். ஊரார் பழிப்புக்கு ஆளானவள். அவளிடம் வழிநடைக் களைப்போடு அமர்ந்து தண்ணீர் கேட்டார் பெருமான். வழிநடையும் நீர்வேட்கையும் பழிப்பும் ரமாபாய் நன்கு அறிந்தவையே. அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

தாயகத்தில் கண்டனம் எழுந்தது. ஆயினும் இங்கிலாந்திலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. தம்மை ஆதரித்தோர் சொன்னதையெல்லாம் கேள்வியின்றி ஏற்க அவர் மறுத்தார். திருச்சபையின் கோட்பாடுகள் சிலவற்றைப் பற்றி ஐயங்களை வெளிப்படையாக எழுப்பினார். புலால் உண்ணவில்லை. அதனைச் சாதிச் செருக்கு என்று கன்னியர் சிலர் எண்ணினர். தமக்குரிய சிலுவையில் இலத்தீன் எழுத்து ஏன், இந்தியர் அறிந்த வடமொழி எழுத்துக்கு என்ன குறை என்றும் வாதிட்டார். ஒரு குருமாரின் ஆட்சியிலிருந்து பெரும்பாடுபட்டு விடுபட்டவர், மற்றொரு குருமாரின் ஆட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலைகொடுக்க விரும்பவில்லை.

இங்கே நாம் மற்றொரு சோதனையைக் காண்கின்றோம். உண்டியும் உறையுளும் கல்வியும் கொடுத்தவர்களிடம் நன்றி பாராட்டுவது கடமை. அந்த நன்றியின் பொருட்டு நம்பாததை நம்புவதாகச் சொல்லிவிடுவது எளிது. அந்நிய நாட்டில், குழந்தையோடு, வேறு துணையின்றி இருந்த பெண் அவ்வாறு சொல்லியிருந்தால் யார் குறைகூறியிருப்பர்? அவர் சொல்லவில்லை. இறைவன் திருமுன் பொய் சொல்லிப் பெறும் பாதுகாப்பு பாதுகாப்பாகாது என்பதைத் தம் தந்தையிடமே அவர் கற்றிருந்தார் போலும்.

சாரதா சதனத்தின் கதவு

1886-இல் அமெரிக்கா சென்றார் ரமாபாய். அங்கே இந்தியக் கைம்பெண்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1887-இல் வெளியிட்டார். பாஸ்டன் நகரில் அன்பர்கள் ஒரு கழகம் அமைத்துப் பத்தாண்டுக் காலம் பொருளுதவி புரிய உறுதியளித்தனர். 1889-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் பம்பாய்ச் சௌபாத்தியில் கைம்பெண்களுக்கான சாரதா சதனம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் அது பூனாவுக்கு மாறிற்று. அதன் முதல் மாணவியரில் ஒருவரான கோதுபாய் என்பாரையே பின்னாளில் பேராசிரியர் கார்வே மணந்துகொண்டார். மதப் பிரசாரம் செய்வதில்லை என்பது சதனத்தின் விதி. மாணவியர் தத்தம் குல ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் தடையில்லை.

இவ்வாறு நற்பணி தழைத்து வந்த காலத்திலேயே, 1891-ஆம் ஆண்டளவில், ரமாபாயின் உள்ளத்துள் ஒரு பெருங்கலக்கம் மூண்டது. ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டுகள் கழிந்துவிட்டன. சமய நூல்களைக் கற்றிருந்தார்; கோட்பாடுகளை எடைபோட்டிருந்தார்; இறைவன் பெயரால் ஓர் இல்லத்தையும் நடத்தி வந்தார். ஆயினும் ஆங்கில மதகுரு ஒருவர் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது, அவருக்கு ஓருண்மை புலனாயிற்று. தமக்குக் கிறிஸ்தவ சமயம் கிட்டியிருக்கிறது, கிறிஸ்து கிட்டவில்லை. முன்பு வேதியர் சமயத்தில் நூலறிவாக இருந்தது எதுவோ, அதுவே இப்போது வேறு பெயரில் நூலறிவாக இருக்கிறது.

இதை ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றைத் தழுவி, அதன் பொருட்டு நண்பரையும் நாட்டாரையும் பகைத்துக்கொண்டவர், அடைய வேண்டியதை இன்னும் அடையவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது எளிதன்று. அவர் தம் கல்வி, தொண்டு, தியாகம் ஆகிய எவற்றையும் முன்னிறுத்தாமல், ஏதுமற்ற ஏழையாக இறைவன் திருமுன் நின்றார். பஞ்ச காலத்தில் அண்டை வீட்டு வாயிலில் ரொட்டிக்காக நின்றாரே, அந்நிலையில் நின்றார் என்று நாம் சொல்லலாம். அப்போது தமக்கு மன்னிப்பும் அமைதியும் கிட்டின என்றும், இறைவன் தமக்கு அண்மையில் இருக்கும் ஒருவனாகத் தெரிந்தான் என்றும் பின்னாளில் தம் வரலாற்றில் பதிவுசெய்தார். தந்தை யாருடைய கையில் ஒப்படைத்தாரோ, அந்தக் கையை மகள் பற்றிக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அறிவு அன்பாக மாறினால் அதனை ஒளித்துவைத்தல் இயலாது. ரமாபாய் தம் அறையில் வழிபடும்போது கதவு திறந்தே இருக்கும். மாணவியர் சிலர் தாமாகவே வந்து அமரலாயினர். பெற்றோர் ஐயுற்றனர். திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கிற்று. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடேயும் அறிஞர் பந்தார்க்கரும் 1893-இல் விலகினர். ஏறக்குறைய 25 மாணவியர் அழைத்துச் செல்லப்பட்டனர்.

இப்பூசலில் இருதரப்பு நியாயங்களையும் நாம் கருதுதல் முறை. மதப் பிரசாரம் இல்லை என்னும் உறுதியை நம்பிப் பெண்களை அனுப்பியவர்கள் மனம் புண்பட்டது இயல்பே. ரானடே போன்ற பெரியோர் விலகியதும் பகைமையால் அன்று. அளித்த சொல்லைக் காப்பது பற்றிய கவலையால். ரமாபாயோ, எவரையும் தாம் அழைக்கவில்லை என்றும், வருபவரைத் தடுக்கத் தம் கதவை அடைக்க மாட்டேன் என்றும் நின்றார். கதவைச் சாத்திக்கொண்டு வழிபட்டிருந்தால் ஆதரவாளர் அனைவரும் உடனிருந்திருப்பர். நன்மைக்காகவே ஆயினும் தம் உள்ளத்தை ஒளித்து வாழ்தல் அவருக்கு ஒரு சோதனையாகத் தோன்றிற்று. அதனை ஏற்காததற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

கேட்காவ்

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவிற்று. செய்தி கேட்டதும் ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்தது. கையில் போதிய பொருள் இல்லை. பஞ்சத்தில் அலையும் சிறுமியரைத் தீயோர் கவர்ந்து செல்வதை அறிந்து, தாமே நேரில் சென்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைத் தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய 300 பேர் வந்தனர். கேட்காவில் முன்னரே வாங்கியிருந்த நிலத்தில் அவர்களுக்குக் குடில்கள் எழுந்தன. முக்தி என்று அவ்வில்லம் பெயர் பெற்றது. 1900-இல் குசராத்தில் பஞ்சம் வந்தபோது அத்தொகை பல மடங்காகி 2,000-ஐ நெருங்கிற்று. சாரதா சதனத்தைப் போலன்றி முக்தி வெளிப்படையாகவே ஒரு கிறிஸ்தவ இல்லம்.

சிறுமியர் அங்கே எழுத்தறிவோடு தொழிலும் கற்றனர். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, பாத்திரத்திற்கு ஈயம் பூசுதல், அச்சுக்கோத்தல் யாவும் பெண்களே செய்தனர். கண்பார்வை அற்றோர்க்குத் தனி இல்லம் அமைத்து, விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்பித்தனர். வழுவிய பெண்களுக்காகக் கிருபா சதனம் எழுந்தது. இலண்டனில் தாம் கண்டதை மராட்டிய மண்ணில் அவர் நட்டுவிட்டார். பூனாவில் கொள்ளைநோய் வந்த 1897-இல், நோய்முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதவும் அவர் தயங்கவில்லை. ஆள்வோர் தம் சமயத்தவர் என்பதற்காக அவர் வாய்மூடி இருந்தாரில்லை.

1905-இல் முக்தியில் ஓர் ஆன்மிக எழுச்சி தோன்றிற்று. சிறுமியர் தம் குற்றங்களை உணர்ந்து அழுதும் உரக்க வேண்டியும் நின்றனர். பிறர் இதனைப் பலவாறு பேசினர். ரமாபாய் தம்மைப் போன்றே இச்சிறுமியரும் இறைவனை நேரில் அறியவேண்டும் என்றே விரும்பினார். தாம் நடந்த நெடுந்தொலைவை அவர்கள் நடக்கவேண்டா என்பது அவர் ஆசை.

எளிய சொல்

அவருடைய இறுதிப் பெரும்பணி விவிலியத்தை மராத்தியில் பெயர்த்ததாகும். முன்னரே மொழிபெயர்ப்பு இருந்தது. ஆனால் அதன் நடை எழுத்து வாசனை குறைந்த நாட்டுப்புறப் பெண்களுக்கு எட்டவில்லை என்று அவர் கருதினார். அதற்கெனத் தாமே எபிரேயமும் கிரேக்கமும் பயின்றார். பல ஆண்டுகள் உழைத்தார். பெண்களே அச்சுக்கோத்தனர். வடமொழிக் கடலை நீந்திக் கரைகண்டவர், பட்டங்களுக்குக் காரணமான அப்புலமையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஏற்றம் இறைப்பவளுக்கும் மாவு திரிப்பவளுக்கும் விளங்கும் சொல்லைத் தேடித் தேடி அமர்ந்திருந்த காட்சியை நாம் மனக்கண்ணால் காணவேண்டும். கற்றோர் அவையில் பெற்ற முதற் சோதனைக்கு அவர் கொடுத்த முடிவான விடை இதுவே.

1919-இல் அரசினர் கைசர்-இ-இந்த் பதக்கம் வழங்கினர். 1921-இல் வலக்கையாக விளங்கிய மகள் மனோரமா தாயை முந்திக்கொண்டு மறைந்தார். தமக்குப் பின் இல்லத்தைப் பேணுவாள் என்று நம்பியிருந்த ஒரே மகளையும் இழந்த அம்முதுமையிலும், மொழிபெயர்ப்பின் அச்சுப் படிகளை அவர் திருத்திக்கொண்டிருந்தார். பணி முடிவுற்ற சிறிது காலத்தில், 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1989-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் நிறுவிய முக்தி இல்லம் கேட்காவில் தொடர்ந்து பணியாற்றி வருகின்றது.

பெற்றோராகிய நாம் நம் மக்களுக்கு எவற்றையெல்லாமோ கொடுக்க விழைகின்றோம். மொழியைக் கொடுக்கின்றோம், நோன்பையும் பண்டிகையையும் பாட்டையும் கொடுக்கின்றோம். அவை யாவும் வேண்டுவனவே. அனந்த சாஸ்திரியாரும் மகளுக்கு 18,000 சுலோகங்களைக் கொடுத்தார். ஆனால் காட்டில், கையில் ஒன்றும் இல்லாத வேளையில், அவளை இறைவனிடமே ஒப்படைத்தார். மகள் அந்த இறைவனை எவ்வடிவில், எவ்வழியில் கண்டுகொள்வாள் என்பதை அவர் வரையறுக்கவில்லை; வரையறுக்க அவரால் இயன்றிருக்கவும் இயலாது. அவள் சென்ற வழி அவர் நினைத்திராத வழி. ஆயினும் நேர்மையாக வாழவேண்டும், இறைவனுக்கே தொண்டு செய்யவேண்டும் என்ற அவ்விரு சொற்களையும் அவள் இறுதிவரை விடவில்லை.

சமயத்தைப் பெற்றோர் கொடுக்கலாம், ஆசான் விளக்கலாம், நூல்கள் அரண் செய்யலாம். இறைவனோடு கொள்ளும் அறிமுகத்தை மட்டும் ஒவ்வொருவரும் தாமே தேடிப் பெறல் வேண்டும். அவ்வாறு பெற்றவர் யார் என்பதை அவர் நாவன்மையால் அறிதல் அரிது; அவர் யாரைத் தேடிச் சென்று சுமந்து வருகின்றார் என்பதைக் கொண்டே அறியலாம். ராய்ச்சூரில் தாயின் பாடையைத் தலைமேல் சுமந்த அச்சிறுபெண், பின்னர் பஞ்சத்தில் வீழ்ந்த சிறுமியரை உயிரோடு சுமந்து வந்தார். அவர் இறைவனை அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று நமக்கு வேண்டுவதில்லை.